நெட் இருந்தால் நிற்கிறது, நெட் இல்லாவிட்டால் ஓடுகிறது

வாசகர் எழுதியது: "சார், வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2013இலிருந்து வந்த மெயில் எல்லாம் அவுட்லுக் 2019இல்தான் இருக்கிறது. பழைய பாப் கணக்கு ஒன்று, ஜிமெயில் ஒன்று. மூன்று வாரமாக, நெட் இருந்தால் திறந்த இரண்டு நிமிடத்தில் திரை வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. வைஃபையை அணைத்தால் ஒரு குறையும் இல்லை. பழைய மெயிலைத் தேடலாம், எழுதலாம், எல்லாம் செய்யலாம். ஆஃபிஸை இரண்டு முறை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன். நண்பர் ஒருவர் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். லேப்டாப் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. மெயில் கோப்பு 38 ஜிபி. டாக்குமென்ட்ஸ் எல்லாம் தானாகவே ஒன்டிரைவுக்குப் போய்விடுவதால் மெயில் பத்திரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேசாமல் புது அவுட்லுக்குக்கு மாறிவிடட்டுமா?"

விண்டோஸை அழிக்கும் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். நெட் இல்லாதபோது பத்துப் பன்னிரண்டு வருட மெயிலைக் கேட்டவுடன் எடுத்துத் தருகிற நிரல் கெட்டுப்போன நிரல் இல்லை. நெட் வந்ததும் அது ஏதோ ஒரு வேலையைத் தொடங்குகிறது, அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று தொடங்குகிறது, அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கண்டுபிடிக்காமல் எதை அழித்துப் போட்டாலும் நேரம்தான் வீண்.

ஆஃபிஸை இரண்டு முறை மாற்றியும் ஏன் பலன் இல்லை என்று குழம்பியிருப்பீர்கள். அவுட்லுக் என்ற நிரல் வேறு, உங்கள் கணக்கு விவரங்கள் இருக்கும் புரொஃபைல் வேறு, மெயில் இருக்கும் பிஎஸ்டி கோப்பு வேறு. நீங்கள் மாற்றியது முதலாவதை மட்டும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, மறுபடி போட்ட அவுட்லுக் அவற்றையே திரும்ப எடுத்துக்கொண்டது, பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது.

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று பார்த்ததும் செத்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். ஒரு ஜன்னல் 5 நொடிகள் விண்டோஸுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அது திரையை வெளிறச் செய்து அந்த வார்த்தையைப் போட்டுவிடும், அவ்வளவுதான். நிரல் உள்ளே மும்முரமாக வேலை செய்துகொண்டும் இருக்கலாம், யாருக்காகவோ காத்துக்கொண்டும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, நீங்கள் ஆறுதலுக்காக எழுதிய அந்த ஒன்டிரைவ் வரிதான். ஒன்டிரைவ் என்பது உங்கள் கோப்புகளை நெட் வழியாக மைக்ரோசாஃப்டின் சர்வரில் ஏற்றிவைக்கும் சேவை. பாப் என்பது மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி வைத்துக்கொள்கிற பழைய முறை, அந்தக் கணக்கின் மெயிலை அவுட்லுக் வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் பிஎஸ்டியாக வைக்கும். புது லேப்டாப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவ் தன் கீழ் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் உங்கள் 38 ஜிபி கோப்பு இப்போது ஒன்டிரைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிஎஸ்டி என்பது வேர்ட் கோப்பு மாதிரி திறந்து, சேமித்து, மூடிவிடுகிற சமாச்சாரம் இல்லை. அவுட்லுக் திறந்திருக்கும் நேரமெல்லாம் அதுவும் திறந்தே இருக்கும், ஒரு மெயிலைப் படித்ததாகக் குறித்தால்கூட அதில் ஏதாவது மாறும். ஒரு பக்கம் அவுட்லுக் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் நெட் வந்ததும் ஒன்டிரைவ் வந்து 'மாறிவிட்டதே, மேலே ஏற்றவேண்டுமே' என்று அதே கோப்பில் கை வைக்கிறது. வைஃபையை அணைத்தால் ஒன்டிரைவ் சும்மா இருந்துவிடும், அவுட்லுக்கும் ஓடும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஒன்டிரைவுக்குள் பிஎஸ்டி வேண்டாம், வெளியே எடுத்து வையுங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்லித்தருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கேட்க நன்றாக இருக்காது. உங்களுடையது காசு கட்டாத ஒன்டிரைவ் கணக்கு என்றால் அதில் மொத்த இடமே 5 ஜிபி. அதில் 38 ஜிபி எப்படி ஏறும்? பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் நம்பும் பிரதி அங்கே இல்லாமலேயே இருக்கலாம். டாக்குமென்ட்ஸைத் திறந்து அந்தப் பிஎஸ்டியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியைப் பாருங்கள்: பச்சை டிக் என்றால் ஏறிவிட்டது, இரண்டு நீல அம்புகள் சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, சிவப்புப் பெருக்கல் குறி என்றால் ஏறவில்லை. எத்தனை நாளாகச் சுற்றுகிறதோ!

ஆகவே எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு பிரதி எடுங்கள். அவுட்லுக்கை மூடுங்கள், மூடிவிட்டு, ஓடுகிற நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அது உண்மையிலேயே போய்விட்டதா என்றும் பாருங்கள், ஜன்னல் மறைந்த பிறகும் சில நிமிடம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற பழக்கம் அதற்கு உண்டு. பிறகு பிஎஸ்டியை ஒரு வெளி டிஸ்கில் காப்பி செய்யுங்கள். பென் டிரைவில் செய்யப்போனால் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கலாம், அதில் 60 ஜிபி காலி இடம் இருந்தாலும் மறுக்கும். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிரதி விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் நானே சூடு பட்டவன் என்பதுதான். ஆரம்ப காலத்தில் ஒரு அலுவலகத்தில் இதே மாதிரி நிற்கிற அவுட்லுக்கைச் சரி செய்யப் போனேன். டிஸ்கில் இடம் இல்லை. பிஎஸ்டியைப் பழுது பார்க்கிற ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி, தொடங்குமுன் பிரதி எடுக்கட்டுமா என்று ஒரு டிக்கைப் போட்டு வைத்திருக்கும். இடம் இல்லையே என்று அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். முடிந்தபோது 'சென்ட் ஐட்டம்ஸ்' காலி. அந்த மெயிலுக்குச் சொந்தக்கார அம்மா ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

சரி, பிரதி வந்துவிட்டது. இப்போது குற்றவாளி ஒன்டிரைவ்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை, ஐந்து நிமிட வேலை. வைஃபையை அணைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்து, 'சென்ட் ரிசீவ்' டேபில் 'வொர்க் ஆஃப்லைன்' என்ற பொத்தானை அழுத்துங்கள். அதன் பிறகு வைஃபையைப் போடுங்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு நெட் இருக்கிறது, அவுட்லுக் மட்டும் மெயில் சர்வருடன் பேசாது. இந்த நிலையிலும் நின்றுபோனால் மெயில் அனுப்புவதிலோ பெறுவதிலோ பிரச்சினை இல்லை, வெளியே உள்ள வேறு எதுவோ, உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் ஒன்டிரைவ். நிற்காமல் ஓடினால் மெயில் போக்குவரத்திலேயே சிக்கல் என்று அர்த்தம். இந்த ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்காமல் விண்டோஸை மாற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்டிரைவ் என்று தெரிந்தால் வைத்தியம் சுலபம். அவுட்லுக்கை மூடி, பணிப்பட்டையில் உள்ள மேகக் குறியை அழுத்தி ஒன்டிரைவின் ஒத்திசைவை இரண்டு மணி நேரம் நிறுத்திவையுங்கள். சி டிரைவில் 'மெயில்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பிஎஸ்டியை அங்கே நகர்த்துங்கள். காப்பி செய்தால் போதாது, நகர்த்த வேண்டும். பழைய இடத்தில் ஒன்று இருந்தால் அவுட்லுக் அதையே திறந்துகொள்ளும், நீங்கள் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். நகர்த்திய பிறகு அவுட்லுக்கைத் திறந்தால் கோப்பைக் காணோம் என்று கத்தும். கத்தட்டும், ஓகே சொன்னால் எங்கே என்று கேட்கும், புது இடத்தைக் காட்டுங்கள். ஜிமெயிலைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வழக்கமாக ஐமேப் முறையில், அதாவது அசல் சர்வரிலேயே இருக்கும் முறையில் ஓடும், அந்தக் கணக்கின் மெயில் ஓஎஸ்டி என்ற வேறு கோப்பில், ஒன்டிரைவ் எட்டாத ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கிறது. அது சர்வரில் இருப்பதன் நகல்தான், கெட்டுப்போனால்கூடத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பிஎஸ்டிக்கு அந்த வசதி கிடையாது, உங்களிடம் இருப்பதுதான் அசல்.

இனி, 'வொர்க் ஆஃப்லைன்' சோதனையில் நிற்காமல் ஓடி, அந்தப் பொத்தானை விடுவித்ததும் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிற்கிற நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவுட்லுக்கின் வரியைப் பாருங்கள். சிபியு, டிஸ்க், நெட்வொர்க் மூன்றும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது. டிஸ்க் எகிறினால் கோப்பைப் படித்து எழுதிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் எதையோ இறக்குகிறது, விட்டுப்பிடியுங்கள். டீடெயில்ஸ் டேபில் அவுட்லுக்கின் மேல் வலது கிளிக் செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று ஒன்று இருக்கும், காத்திருக்கிறது என்றால் எந்த நிரலுக்காக என்று சில சமயம் பெயரோடு சொல்லிவிடும். ஒருமுறை அது பிரின்டர் சம்பந்தப்பட்ட நிரலைக் காட்டியது! டிஃபால்ட் பிரின்டராக எப்போதோ எடுத்துப் போய்விட்ட ஒரு நெட்வொர்க் பிரின்டர் இருந்தது, மெயிலைத் திறக்கும்போதெல்லாம் அவுட்லுக் அதைத் தேடிக்கொண்டிருந்தது. டிஃபால்ட் பிரின்டரை பிடிஎஃப் என்று மாற்றியதும் ஒரு தகராறும் இல்லாமல் ஓட ஆரம்பித்தது.

காத்திருப்பதில் இன்னொரு வகை, நிற்பது மாதிரித் தெரியும் ஆனால் நிற்காது. திரை வெளிறாது, கிளிக் செய்தால் 'டிங்' என்று மட்டும் சத்தம் வரும். அப்படியென்றால் எங்கேயோ ஒரு சின்னப் பெட்டி திறந்து உங்கள் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி. பெரிய ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், இரண்டாவது மானிட்டர் வைத்திருந்தவர்களுக்கு இப்போது இல்லாத அந்த மானிட்டரில் போய்த் திறந்திருக்கும். ஆல்ட் டேப் அழுத்தித் தேடுங்கள். ஜிமெயில் 2022 மே 30இலிருந்து தனிநபர் கணக்குகளில் வெறும் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைகிற பழைய முறையை நிறுத்திவிட்டது. கூகுளின் சொந்த லாகின் பக்கம் வழியாக வரவேண்டும், இல்லாவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஒரு நிரலுக்கென்றே கூகுள் தருகிற ஆப் பாஸ்வேர்ட் எடுக்கவேண்டும். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து அவுட்பாக்ஸைப் பாருங்கள். மொழிபெயர்ப்புக் கோப்புகள், ஸ்கேன் செய்த பக்கங்கள் என்று பெரிது பெரிதாக அனுப்புகிறவர் நீங்கள். மெயில் சர்வருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நான் இணைத்தது அதற்குள்தானே என்று நினைப்போம். ஆனால் மெயிலில் இணைப்பு அப்படியே போவதில்லை, ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றித்தான் அனுப்புவார்கள், ஆக அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வரம்பைத் தாண்டினால் சர்வர் ஏற்காது, அவுட்லுக் விடாது, நெட் வந்ததும் மறுபடி முயற்சி செய்யும், மறுபடி நிற்கும். அதை நெட் இருக்கும்போது அழிக்கவும் முடியாது, 'இதை இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிவிடும். 'வொர்க் ஆஃப்லைன்' போட்டு, அவுட்லுக்கை மூடித் திறந்து, அந்த மெயிலை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போட்டுவிடுங்கள்.

அவுட்பாக்ஸும் காலி என்றால் கணக்கு கணக்காகப் பிரித்துப் பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அனுப்புவது பெறுவது பற்றிய அமைப்பு வரும், தானாக இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கணக்கை மட்டும் பெறச் சொல்லுங்கள். பாப் கணக்கில் நின்றால் எனக்கு வரும் முதல் சந்தேகம், 'சர்வரில் ஒரு பிரதி விட்டுவை' என்ற டிக். பல வருடம் அது போட்டிருந்தால் சர்வரில் ஆயிரக்கணக்கில் மெயில் குவிந்திருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த முழுப் பட்டியலையும் வாங்கி எது புதிது என்று ஒப்பிட்டாகவேண்டும். லேப்டாப் மாற்றியபோது அந்த ஒப்பீட்டுக் கணக்கு தொலைந்திருந்தால் பழையதையெல்லாம் புதிது என்று நினைத்து முதலிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். இன்பாக்ஸில் 2016ஆம் ஆண்டு மெயில்கள் இரட்டை இரட்டையாகத் தென்படுகிறதா? அதுதான். வெப்மெயில் வழியாகப் போய் சர்வரில் உள்ள பழையவற்றை ஒழித்துக் கட்டுங்கள், பிஎஸ்டியின் பிரதி கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகு.

ஆன்டிவைரஸ் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. சில ஆன்டிவைரஸ்கள் மெயில் சர்வருக்கும் அவுட்லுக்குக்கும் நடுவே புகுந்து, 993, 995 என்ற எண்ணுள்ள போர்ட்கள், அதாவது மெயில் வந்துபோகும் வாசல்கள் வழியாக வருவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பும். அந்த மெயில் ஸ்கேன் ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள், முழு ஆன்டிவைரஸையும் நிறுத்தவேண்டியதில்லை. இணைப்பைத் திறந்தாலோ சேமித்தாலோ எப்படியும் அது பார்க்கத்தான் போகிறது. அப்புறம் ஆட்இன்கள், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரல்கள்: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அவுட்லுக்கைத் திறந்தால் சேஃப் மோடில் வேண்டுமா என்று கேட்கும், அதில் ஆட்இன் எதுவும் ஏறாது. அப்போது நிற்கவில்லை என்றால் எல்லா ஆட்இன்களையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் தம் பங்குக்கு ஒன்றை அங்கே செருகிவைத்திருக்கலாம், கேட்காமலே.

இவ்வளவும் பார்த்துப் பலிக்காவிட்டால் கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்பதற்குள் போய்ப் புது புரொஃபைல் ஒன்று உருவாக்கி, ஜிமெயிலை மட்டும் முதலில் சேர்த்துப் பாருங்கள். ஆஃபிஸை இரண்டு முறை மாற்றிய நேரத்தில் இதை நான்கு முறை செய்திருக்கலாம்! பழைய புரொஃபைலை அழிக்காதீர்கள், பக்கத்தில் கிடக்கட்டும். ஸ்கேன்பிஎஸ்டியைக் கடைசிக்கும் கடைசியாக வையுங்கள். 38 ஜிபிக்கு அது மணிக்கணக்கில் ஓடும், பிரதி எடுக்க இன்னொரு 38 ஜிபி காலி இடம் கேட்கும், அந்த டிக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். உங்கள் கோப்பு கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, கெட்டிருந்தால் நெட் இல்லாதபோதும் தகராறு செய்யும். அளவும் வரம்புக்குள்தான் இருக்கிறது. 2010க்குப் பிறகு வந்த அவுட்லுக்குகளில் ஒரு பிஎஸ்டி 50 ஜிபி வரை போகலாம். இருந்தாலும் இதே வேகத்தில் போனால் இன்னும் சில வருடத்தில் அந்தச் சுவரில் முட்டுவீர்கள். 2020க்கு முந்தையதைத் தனிப் பிஎஸ்டியாகப் பிரித்துவைத்துவிட்டால் தினமும் திறக்கும் கோப்பு இலகுவாகும்.

தண்டர்பேர்ட் என்ற வேறு மெயில் நிரலை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் அதற்கும் ட்ரபிள்ஷூட் மோட் உண்டு. அது வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயிலையெல்லாம் ஒரே கோப்பாக வைத்திருக்கும், நீங்கள் அழித்த மெயில்கூட 'காம்பாக்ட்' செய்யும்வரை அதற்குள்ளேயேதான் கிடக்கும். இன்பாக்ஸில் பத்து மெயில்தான் தெரிகிறது, கோப்போ 6 ஜிபி என்றால் ஆச்சரியப்படாமல் காம்பாக்ட் செய்யுங்கள்.

கடைசியாகப் புது அவுட்லுக். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. பழைய அவுட்லுக்கில் ஓடும் 'காம்' வகை ஆட்இன்கள் அதில் ஓடாது, பிஎஸ்டியைக் கையாள்வதில் பழைய அவுட்லுக் அளவுக்கு அது இன்னும் வரவில்லை, உங்களுக்கோ வாழ்க்கையே பிஎஸ்டியில் இருக்கிறது. அதோடு ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கை அதில் சேர்த்தால் அந்த மெயிலின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். ரகசியம் காக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வேலை வாங்குகிறவர் நீங்கள், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் அவுட்லுக் 2019க்கும் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, ஆகவே என்றாவது மாறத்தான் வேண்டும். அது இந்த வாரம் வேண்டாம். இன்று இரவு பிரதி எடுங்கள், நாளை அந்தப் பிஎஸ்டியை ஒன்டிரைவிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், அப்புறமும் நின்றால் நிற்கிற நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் அந்த மூன்று எண்களும் எவ்வளவு இருந்தன என்று எழுதுங்கள்.